களைக்காத குரல்

ஐந்தாவது பாட்டைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் பிளெஸ்ஸிக்கு அது உறைத்தது. இரண்டாம் சரணத்துக்கு முன்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அது அவள் இல்லை. பதிவின்போது அந்த இடத்தில் அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

திருமயத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பெரிய வீடு அவள் நண்பன் அடைக்கப்பனுடையது. குடும்பம் மொத்தமும் சென்னைக்குப் போய்விட்டதால் கூடம் சும்மா கிடந்தது. அங்கேதான் பழைய கேசட் ரெக்கார்டரில் இருவரும் தங்கள் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். அவன் டிரம்ஸ் வாசித்தான். அவள் கிட்டாரோடு பாடினாள். கிழிந்த ஸ்பீக்கரின் கரகரப்பு, ப்ளூஸின் அழுகை, நடவுப் பாட்டின் இழுவை, உத்தரத்துப் புறாக்களின் முனகல் என எல்லா இரைச்சலையும் வேண்டுமென்றே அப்படியே விட்டிருந்தார்கள். வாரமெல்லாம் அவளுக்குப் பொன்னமராவதியில் வங்கி வேலை, லீவு நாளில் பஸ் பிடித்து வந்து பாட்டு. அவள் தொண்டை தேய்ந்துபோயிருந்தது. கடைசிப் பாட்டு மட்டும்தான் பாக்கி.

"அடைக்கப்பா, இதுக்குள்ள வேற யாரோ இருக்காங்க."

அவனும் கேட்டான். "ஒன் குரல்தான். கூடத்துல எதிரொலிக்குது. ரொம்ப அசந்துபோய்ட்ட பிளெஸ்ஸி. பின்கட்டுல போய் டீ போட்டுக்கிட்டு வாரேன், செத்த சாஞ்சுக்க."

அவள் சாயவில்லை. அடுத்த பாட்டை ஓடவிட்டாள். இரைச்சலுக்கு அடியில் ஒரு முனகல், அவளுடைய மெட்டைப் பழகிப் பார்ப்பதுபோல. அதற்கடுத்ததில் வார்த்தைகளே வந்தன. அவள் குரலேதான், ஆனால் துளியும் களைப்பில்லை. பாட்டுக்குப் பாட்டு அவளுடையது கம்மிக்கொண்டே போக, அடியில் இருந்தது துலங்கிக்கொண்டே வந்தது.

எழுந்து போய்விடலாம். ஆனால் இன்னொரு முறை பஸ் ஏறி வர உடம்பில் தெம்பில்லை. முடித்துவிட்டால் தூங்கலாம். மைக்கைப் போட்டு, பதிவுப் பொத்தானை அழுத்திப் பாடத் தொடங்கினாள். வெயில் முற்றத்தைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. வௌவால் எச்சமும் பழைய தேக்கும் கலந்த வாடை கூடத்துக்குள் கனத்தது. புறாக்கள் எப்போது அடங்கின என்று அவள் கவனிக்கவில்லை.

பாதிச் சரணத்தில் அவள் குரல் நின்றது.

பாட்டு நிற்கவில்லை.

ஸ்பீக்கரிலிருந்து அது தொடர்ந்தது. அடுத்த வரி. அதற்கடுத்த வரி. மைக் வயரைப் பிடுங்கினாள். பாடியது. ரெக்கார்டரை அணைத்தாள். பாடியது. பிளக்கையே உருவினாள். கடைசி வரியை நிதானமாகப் பாடி முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

அடைக்கப்பா என்று கத்த வாயைத் திறந்தாள். வெறும் காற்று.

"அடைக்கப்பா, முடிஞ்சிருச்சு," என்றது அவள் குரல், மைக் முன்னால் இருந்த வெற்றிடத்திலிருந்து. "இங்கிட்டு வா."

"இந்தா வாரேன்."

இரண்டு டம்ளர்களோடு வந்தான். அவள் ஓடிப்போய் அவன் கையைப் பற்றினாள். அவன் நடை தடைபடவே இல்லை. அவளைத் தாண்டிப் போய், மைக் முன்னால் கிடந்த காலி நாற்காலியின் பக்கத்தில் ஒரு டம்ளரை வைத்தான்.

"இன்னைக்கித்தான் ஒன் குரல்ல களைப்பே தெரியல," என்றான் நாற்காலியைப் பார்த்து.

நாற்காலி சிரித்தது, அவளுடைய சிரிப்பை. டம்ளர் தரையைவிட்டு மேலே எழுந்தது. அதிலிருந்த டீ, மடக்கு மடக்காகக் குறைந்தது.