ஈயத்தாளில் உருளைக்கிழங்கு

1979 கிறிஸ்துமஸ் காலை, மணி ஒன்பதரை. தேயிலைத் தோட்டத்துக் கணக்கரான கிராணி ராயப்பன் வீட்டில் புதுக் கைக்கடிகாரம் காணவில்லை. அது இருக்க வேண்டிய பொட்டலத்தில் ஓர் உருளைக்கிழங்கு இருந்தது.

அந்த வீட்டில் பரிசைச் சும்மா கையில் கொடுக்க மாட்டார்கள். முதலில் அப்பா மடிப்பார். அதன்மேல் மகன் பெலிக்ஸ் ஒரு தாளை ஒட்டுவான். அதன்மேல் அம்மா இன்னொன்று. கேலிக்கு நடுவே ஒவ்வொன்றாய்ப் பிரிக்க வேண்டும். இந்த வருடம் பரிசு மகள் எமிலிக்கு. கிழங்கைக் கண்டு, அப்பாவின் குறும்பென்று சிரித்தாள். ராயப்பன் சிரிக்கவில்லை.

விருந்துக்குப் பாத்திரம் கழுவ அன்று காலைதான் முதன்முதலாக அங்கே வந்திருந்தாள் வேலாயி. பழியைப் போட ஏழைத் தலைதானே அகப்படும்! தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கே போய், லயமே பார்க்க அவள் தகரப் பெட்டியைத் திறந்து கொட்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"வாச்சு வரலன்னா, நாளைக்கே லயத்து வீட்டக் காலி பண்ணு" என்றார் ராயப்பன்.

"திருடிங்கிற பேரோட போமாட்டேன்யா. போலீசக் கூப்பிடுங்க லா!"

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் விருந்துக்கு வந்திருந்த தோட்டத்து நர்ஸ் செல்லம். "கெழங்கச் சுத்தியிருந்த ஈயத்தாளு யாருது?"

"என்னுது" என்றார் ராயப்பன். "தேயிலப் பெட்டிக்குள்ள போடுறது. புதுத்தாளு. வாச்சுப் பெட்டிய மடிச்சு மூணு நாளைக்கு முன்னாடி பெலிக்ஸ்கிட்ட குடுத்தேன்."

"நீ, பெலிக்ஸ்?"

"அன்னிக்கே பசை போட்டு ஒட்டி அம்மாகிட்ட குடுத்துட்டேன்."

"எமிலி, அந்தப் பசைத்தாளு எப்படி இருந்துச்சு?"

"முழுசா இருந்துச்சு மிஸ்ஸி. பசை கல்லாக் காஞ்சிருந்துச்சு, கிழிச்சுத்தான் எடுத்தேன்."

செல்லம் ஈயத்தாளை ஜன்னலருகே விரித்தாள். கிழங்கு கசக்கிய சுருக்கங்களுக்கிடையே ஒரு பெட்டியின் நேர்மடிப்புகள் தெரிந்தன.

"ஈயத்தாள்ல விழுந்த மடிப்பு போகாது. வாச்சு உள்ள இருந்தது நெசம். கெழங்கு அப்புறம் வந்தது. ஆனா பசைத்தாள யாரும் பிரிக்கல. இந்தக் குளிருல பசை அப்படிக் காய ரெண்டு நாளாவது ஆகும். அப்போ ஒட்டுறதுக்கு முன்னாடியே மாத்தியாச்சு. அந்த நேரம் பொட்டலம் ஒருத்தர் கையிலதான் இருந்துச்சு. பெலிக்ஸ், எடுத்துட்டு வா."

பெலிக்ஸ் எழுந்தான். "நான் பாஸானப்ப வெறும் பேனா. இவளுக்கு வாச்சா?" உள்ளே போய், தன் பந்தாட்டச் சப்பாத்துக் காலணிக்குள்ளிருந்து கடிகாரத்தை எடுத்துவந்து மேசையில் போட்டான். ஒரு பெண்ணின் குடியிருப்பே போகவிருந்தது, இவனுக்குப் பேனாக் கவலை!

ராயப்பன் ஒரு முழுக் கேக்கை வேலாயியிடம் நீட்டினார். "தப்பாப் போச்சு. இத்தோட விட்டுரு."

வேலாயி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "லயமே பாக்கத்தான என் பெட்டியக் கொட்டுனீங்க? அங்க வந்து சொல்லுங்கய்யா. அதுவரைக்கும் நான் வேலைக்கும் வரல, வீட்டையும் விடல."

திரும்பிப் பார்க்காமல் இறங்கி நடந்தாள். எமிலி அப்பாவின் செருப்பைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"போட்டுக்குங்கப்பா. நானும் வரேன்."