கோத்துக்கொண்டே போகும்

மேசைமேல் நேராக வைத்த இரும்புச் சாவி மறுபடியும் திரும்பிக் கிடந்தது. பேராசிரியர் அதை நேராக்கினார். அவர் வீட்டில் எதுவும் கோணலாக இருந்ததில்லை. மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டியிருக்க, பழைய நாணயத்தை நாக்கில் வைத்தது போன்றதொரு வாடை உள்ளறையிலிருந்து கசிந்து வர, சாவியின் முனை அவர் கண்ணெதிரே மெல்ல நகர்ந்து, மகள் படுத்திருந்த அறைப்பக்கம் நின்றது.

மூன்று நாளைக்கு முன் ஆய்வுக்கூடத்தில் அவள் விரலில் ஊசி ஏறிவிட்டது. ஊசிக்குள் இருந்தது, அவர் பத்தாண்டு உழைத்து உருவாக்கிய புரதம். இரும்பைக் கண்டால், அது ரத்தத்தில் ஓடும் இரும்பானாலும், கண்ணுக்குத் தெரியாத காந்தத் துகள்களாக்கி மணிமாலைபோல் கோத்துக்கொண்டே போகும். எங்கே நிறுத்துவது என்று அதற்கு அவர் இன்னும் கற்றுத்தரவில்லை. ஊசி பட்டால் பதிவேட்டில் எழுதிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவள் எழுதினாள். அவர் அந்தத் தாளைக் கிழித்தார்.

"இன்னும் நாலு நாள்ல ஆய்வுக்குழு வருது. உன் தாத்தா கட்டின கூடம். ஒரு துளி ரத்தத்துக்காக மூணு தலைமுறைப் பேரைக் கெடுக்கணுமா?"

இப்போது அறைக்குள் எட்டிப் பார்த்தார். "கட்டிலை ஏம்மா திருப்பினே?"

"வடக்கே தலை வெச்சாத்தாம்ப்பா வலி அடங்குது." சிரிக்கப் பார்த்தாள். "இரும்பு மனுஷன்னு உங்களைத்தானே எல்லாரும் சொல்வாங்க? பட்டம் எனக்கு வந்துடுச்சு."

அவள் நகங்களுக்கடியில் கறுத்திருந்தது.

"டாக்டரைக் கூப்பிடுங்கப்பா. முடியல."

முன்னறைக்கு வந்து மருத்துவமனையை அழைத்து, மகள் விரலில் ஊசி ஏறியதைச் சொன்னார்.

"என்னங்க ஏறிச்சு? எந்த லேப்? உங்க பேரு சொல்லுங்க சார்."

அப்பா கட்டிய ஆய்வுக்கூடம். வாசலில் கல்லில் செதுக்கிய பெயர்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

தொலைபேசியைக் கீழே வைத்தார்.

உள்ளே ஒரு சத்தம். மணலை மணல் உரசுவது போல. பிறகு அதுவும் இல்லை.

"அம்மாடி?"



கதவைத் தள்ளினார். வாடை முகத்தில் அறைந்தது. அவள் மல்லாந்து கிடந்தாள். மூச்சில்லை. மூடிய இமைகளின் ஓரத்தில் ஏதோ கறுப்பு. முடியைவிட மெல்லிய இழைகள். நூறு. ஆயிரம். காற்றே இல்லாத அறையில் அவை எழுந்து நின்றன. எல்லாம் வடக்கே சாய்ந்தபடி.

அவர் ஓரடி வைத்தார்.

இழைகள் ஒவ்வொன்றாக, அவர் பக்கம் திரும்பின.