கழுத்துவரை

பெயிண்ட் விரலில் ஒட்டியது.

படம் பத்தொன்பது வருஷப் பழசு. பெயிண்டோ இப்போதுதான் பூசினதுபோல் ஈரம். பரமசிவம் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஜப்பான்காரன் காலத்துப் பத்திரிகைப் படங்களை அவர் சேர்த்த சேர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. சிராங்கூன் ரோட்டு மாடிவீட்டில் அரிசிப் பானையைத் தவிர எதைத் திறந்தாலும் செத்துப்போன சிப்பாய் எவனாவது சிரிப்பான்.

அத்தனையும் ஒரே முகத்துக்காக. நாற்பத்து மூன்றில் சயாம் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போன அண்ணன் துரைசாமி. இருக்கிறாரா, செத்தாரா, தகவலே இல்லை. வைத்த பொட்டை அழிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அண்ணி மங்களம் அடுப்படியிலேயே நரைத்துக்கொண்டிருந்தாள்.

“இதுலயும் அவர் இல்லன்னா ஆளை விடுங்க லா, நானே உங்க அண்ணனா வேஷம் கட்டிட்டு வந்துடறேன்” என்றார் காலையில் படத்தைக் கொடுத்த பழைய சாமான் கடை ஒலி முகம்மது.

படத்தில் தண்டவாளம், வரிசையாகக் கூலிகள், நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு சாம்பல் பூச்சு. அச்சுக்கு அனுப்புமுன் வேண்டாத ஆளை இப்படிப் பெயிண்டால் மறைப்பது பத்திரிகைக்காரர் வழக்கம். ஈரப் பஞ்சால் துடைத்தால் ஆள் தெரிவான். இப்படி நூறு பேரையாவது துடைத்தெடுத்திருப்பார் பரமசிவம். ஒருவரும் அண்ணன் இல்லை.

பாதத்திலிருந்து ஆரம்பித்தார். சேறு அப்பிய கால். இடது காலில் ஆறு விரல்.

அண்ணன்!

வெளியே மழை பிடித்துக்கொண்டது. முழங்கால், ஒட்டிய வயிறு, எண்ணிவிடலாம்போல விலா எலும்பு. கழுத்துவரை வந்ததும் பத்தொன்பது வருஷத்துக் களைப்பும் மொத்தமாகத் தோளில் ஏறி உட்கார்ந்தது. கை தானாக விழுந்தது. முகம்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இனி எங்கே போய்விடப் போகிறார்? கண்ணை மூடினார்.

மரப்படி முனகியது. நின்றது. மறுபடி முனகியது. ஈரக் கால்கள், ஒவ்வொரு படியாக. சேற்று வாடை, அதற்கடியில் துரு வாடை.

கண்ணைத் திறந்தார். படத்தில் ஆள் இல்லை. அந்த இடம் வெள்ளையாக இருந்தது.

“வந்துட்டீங்களா?”

அடுப்படியில் அண்ணி. இருபது வயசுக் குரல்.

போனார். சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்.

“என்ன தம்பி, வாசல்லயே நின்னுட்டீங்க? அண்ணனைப் பாருங்க. கொஞ்சம்கூட மாறல.”

மணையில் உட்கார்ந்திருந்தது. விலா எலும்பு. கழுத்து.

அதற்கு மேல் சாம்பல். கண் இல்லை. வாய் இல்லை. பிரஷ் இழுத்த கோடுகள் மட்டும், ஈரமாக.

அதைப் பார்த்துத்தான் அண்ணி வெட்கப்பட்டாள்.

“சாப்பிடுங்க, ஆறிடும்.”

கை சோற்றைப் பிசைந்தது. உருட்டியது. வாய் இருக்கவேண்டிய இடத்தில் வைத்து அழுத்தியது. அழுத்தியது. பருக்கைகள் பெயிண்டில் ஒட்டி, மெல்லக் கீழே வழிந்தன.

அண்ணி இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.