அடியில் தங்கியதும் மேலே மிதந்ததும்

அன்று கானா நாட்டுக் குமாசி ஆய்வகத்தில் இருந்தவர்கள் ஐவர்: எங்கள் குடும்பத் தலைவரான தாய்மாமன் நானா, அவர் தங்கை மகனும் அங்கே வேலை பார்ப்பவனுமான யாவ், ஆய்வகத் தலைவி டாக்டர் செக்கியிவா, இன்ஸ்பெக்டர் அடொம்போ, கான்ஸ்டபிள் பாடு. வேறு யாரும் இல்லை; நடந்ததை நானாதான் பிறகு எங்களுக்குச் சொன்னார்.

நானா உட்காரவில்லை.

"எங்க அஃபியா, இந்த யாவோட தங்கச்சி, அவளோட ஈரல் துண்டை ஆப்பரேஷன் அன்னிக்கு நம்பிக் குடுத்தோம். மூணாம் நாள் அவ போயிட்டா. இப்ப அவ தங்கச்சிக்கும் அதே நோய். ஈரல் ரத்தக்குழாயோட உள்பக்கத்துச் செல்லை வளர்த்துப் பார்த்தாத்தான் வைத்தியம் தெரியும்னீங்க. அது எங்கேம்மா?"

"காணோம், நானா. வேற துண்டும் இல்ல" என்றார் டாக்டர்.

"வித்திருப்பாங்க சார்!" என்று துள்ளினான் பாடு.

"போன வாரம் ஆட்டுத் திருடன்னு ஆட்டுக்காரனையே பிடிச்சவன்தானே நீ? தேடுடா" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஐஸ் பெட்டியின் அடியிலிருந்து பாடு ஒரு குழாயை எடுத்தான். உள்ளே வண்டல். மேலே 'அஃபியா' என்று எழுதியிருந்தது. செல் வளர்க்கும் தட்டுகள் உறை பிரிக்காமல் கிடந்தன. கழிவு ஜாடியில் சிவந்த கலங்கல்.

டாக்டர் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "ஈரலோட பெரிய செல்லுங்க. மெஷின்ல மெதுவாச் சுத்தினா இது அடியில தங்கிடும். நமக்கு வேண்டிய ரத்தக்குழாய்ச் செல் சின்னது; அது மேல தண்ணியில மிதக்கும்."

"இங்க தினமும் எந்த வேலை?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"பெரிய செல்லுதான். ஆறு வருஷமா அடியை வச்சுக்கிட்டு, மேல இருக்கறதைக் கொட்டிடுவோம்."

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "திருடினவன் வண்டலைப் பத்திரமா ஐஸ்ல வைக்க மாட்டான். இதைச் செஞ்சவர் காப்பாத்தறதா நினைச்சுத்தான் செஞ்சிருக்கார். பழகின கை. டாக்டர், குழாய்ல என்ன எழுதுவீங்க?"

"நம்பர் மட்டும்தான்."

"இதுல பேர் இருக்கு. அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் இங்க வேலை பார்க்கறவங்கள்ல ஒருத்தர்தான்."

யாவ் முன்னால் வந்தான். "வேற யாரும் தொடக் கூடாதுன்னு நானே செஞ்சேன், மாமா. பழக்கத்துல கை தானா மேல இருந்ததைக் கவிழ்த்துடுச்சு. அன்னிக்குச் சாயங்காலம் அஃபியாவைப் பார்க்கப் போனேன். 'என் செல் வளருதாண்ணா?'ன்னு கேட்டா. வளருதுன்னேன்."

நானா தோள் துணியை இறக்கி, மன்னிப்புக் கேட்பவராய் டாக்டர் முன் நின்றார். அவர் எவர் முன்னும் அப்படி நின்றதில்லை. சின்னவளுக்கு வைத்தியம் இன்னும் தெரியவில்லை.

யாவ் தங்கையின் ஈரலை வெளிநாட்டுக்கு விற்றுவிட்டான் என்று சந்தையில் பேசுகிறார்கள். விற்கவில்லை. கொட்டிவிட்டான்.