அக்காவின் மெயில் ஏன் வரவில்லை?

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. அக்காவின் மெயில் வரும் நேரம் பார்த்து அப்படியே படுத்துவிடும்.

என் பெயர் தாரணி. ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீடு மலாக்காவில், செங் என்ற இடத்தில் இருக்கிறது. என் அக்கா இந்திராதேவி லண்டனில் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். திங்கட்கிழமை அவளிடமிருந்து தபாலில் ஒரு கடிதம் வந்தது. 'காய்ச்சலாக இருக்கிறது. டாக்டர் சொல்வதை மெயிலில் எழுதுகிறேன்' என்று எழுதியிருந்தாள்.

அக்காவின் விடுதிக்குப் போன் அடித்தால் யாரும் எடுப்பதில்லை. அம்மா சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

மெயில் வந்தால் எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் மெயில் புரோகிராமைத் திறந்து டெலிபோன் வழியாக லைன் போட்டால், 'கிர்ர்' என்று சத்தம் வரும். அப்புறம் திரை அப்படியே நின்றுவிடும். எத்தனை தடவை தட்டினாலும் அசையாது. சரியான பிடிவாதம்!

பக்கத்து வீட்டுக் காளிதாஸ் அண்ணன் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்கிறார். அவர் வந்து பார்த்தார்.

"இது பழைய சிஸ்டம்லா அங்கிள். புது மெயில் புரோகிராமைத் தாங்காது. வேற கம்ப்யூட்டர்தான் பாக்கணும்" என்று அப்பாவிடம் சொன்னார்.

"அதுவரைக்கும் என் புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம உக்காந்திருக்கிறதா?" என்று கேட்டார் அம்மா.

எனக்கு ஒரு சந்தேகம். பழைய சிஸ்டம்தான் காரணம் என்றால் போன மாதம் மட்டும் எப்படி மூன்று மெயில் வந்தது? ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எப்போது படுத்தது, அப்போது வீட்டில் யார் யார் என்ன செய்தார்கள், எல்லாவற்றையும் குறித்தேன்.

சனிக்கிழமை மாலை மழை வந்தது. அம்மா துணி எடுக்க வெளியே ஓடினார். நான் லைன் போட்டேன். 'கிர்ர்' சத்தம் வந்தது. ஆனால் கம்ப்யூட்டர் படுக்கவில்லை. 'ஒரு மெயில் வருகிறது' என்று திரையில் வந்தது. பாதி இறங்கியது. அதற்குள் அம்மா துணிகளோடு உள்ளே வந்து அறைக்குப் போனார். அவ்வளவுதான், படுத்துவிட்டது.

அறையை எட்டிப் பார்த்தேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். போன வாரம் அப்பா வைத்த இரண்டாவது போன் அவர் காதில் இருந்தது. கண்களை மூடியிருந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

அம்மா திடுக்கிட்டார். "அந்த சத்தத்துக்கு அப்புறம் அக்கா குரல் வருமான்னு கேட்டேன். சின்ன வயசுல எங்க எஸ்டேட்டுல, ஆபீஸ்ல ஒரே ஒரு போன்தான். யாருக்குக் கால் வந்தாலும் எல்லாரும் போயி காதை வச்சுக் கேப்போம். அந்தப் பழக்கம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, ரெண்டு போனுக்கும் ஒரே லைன். கம்ப்யூட்டருக்கும் அதே லைன்தான். நீங்க எடுத்தா லைன் அறுந்துடும். நம்ம பழைய சிஸ்டத்துக்கு அதைச் சமாளிக்கத் தெரியல."

அம்மாவின் முகம் வாடியது. "அப்போ இத்தனை நாளும் என்னாலதானா?"

"உங்களுக்குத் தெரியாதுலா, அம்மா. நானும் அக்காவுக்காகத்தான் லைன் போட்டேன், நீங்களும் அக்காவுக்காகத்தான் போனை எடுத்தீங்க. வாங்க, இந்தத் தடவை நீங்களே தட்டுங்க."

கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். அம்மா ஒரு விரலால் தட்டினார். 'கிர்ர்' சத்தம் வந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மெயில் முழுதாக இறங்கியது. அக்கா ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தாள். நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அம்மா, காய்ச்சல் போயிடுச்சு. சாதாரண சளிதான்னு டாக்டர் சொன்னார். நானே ரசம் வச்சேன். உப்பு கூடிப்போச்சு. ஆனாலும் முழுசா குடிச்சிட்டேன்."

"இவ என்னைக்கு உப்பு சரியாப் போட்டிருக்கா?" என்று சொல்லி அம்மா கண்ணைத் துடைத்தார். "இன்னொரு தடவை படி. அவ பேசுற மாதிரியே படி."

அக்காவைப் போலவே மூக்கால் இழுத்துப் படித்தேன். அம்மா சிரித்துவிட்டார்.

அப்போது அப்பா வேலை முடிந்து வந்தார். "மெயில் வந்துடுச்சா? யாரு சரி பண்ணது? என்ன கோளாறு?"

"லைன்ல சின்னப் பிரச்சினைப்பா" என்றேன்.

"நான்தாங்க அந்தப் பிரச்சினை" என்றார் அம்மா.

அவர் நடந்ததைச் சொன்னார். பிறகு அப்பா ஒரு நாற்காலியை இழுத்து அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் படிம்மா தாரணி. அவ பேசுற மாதிரியே" என்றார்.