நகராத சத்தம்

புல்வெட்டும் வண்டியின் சத்தம் ஓரிடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

வெர்லன் சமையலறை மேசையில் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆள் உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டுகிற வண்டியின் சத்தம் ஒரு இடத்தில் நிற்காது, சுற்றும். ஜன்னலுக்குக் கீழே வரும்போது அலமாரியில் இருக்கிற கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும், கொட்டகைக்குப் பின்னால் போனதும் வண்டு மாதிரி மெலிந்துபோகும், பிளம் மரத்தடியில் திரும்பும்போது ஒருதரம் முக்கிவிட்டு மறுபடி வீட்டைப் பார்த்து வளர்ந்துகொண்டே வரும். இது அப்படியில்லை. சாலையோரப் பள்ளத்துப் பக்கமிருந்து, ஏறாமல் இறங்காமல், யாரோ மூச்சு விடாமல் முனகுகிற மாதிரி வந்துகொண்டிருந்தது.

ஓரின்தான் என்று நினைத்துக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை ஓரினுடைய முறை. மனைவி ஆர்டிஸைப் புதைத்த வாரத்திலிருந்து, யாரும் கேட்காமலே, அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஆள் மாற்றி ஆள் வந்து புல்லை வெட்டிவிட்டுப் போகிறார்கள். துக்க வீட்டில் புல் வளர்ந்து கிடக்கக் கூடாது. சோளம் விதைக்கிற நேரமானாலும் அதற்கு மட்டும் ஆள் வந்துவிடும்.

கொசுவலைக் கதவைத் தட்டிவிட்டு ஓரின் உள்ளே தலையை நீட்டினார். அவருக்குப் பின்னால் முற்றத்தில் அவருடைய லாரி. அதன் பின்னால் பூட்டிய இழுவை வண்டியில் அவருடைய புல்வெட்டி ஏற்றப்பட்டு, கயிறு போட்டுக் கட்டப்பட்டு, சும்மா நின்றுகொண்டிருந்தது.

பள்ளத்துப் பக்கம் சத்தம் இன்னும் கேட்டது.

"என்ன வெர்லன், மூஞ்சி வெளிறிக் கெடக்கு? எனக்கு வச்ச காப்பியையும் நீயே குடிச்சிட்டியா?"

"வா, உக்காரு. ஊத்தறேன்."

"வேண்டாம்ப்பா. வீட்ல சீக்கிரம் வரச் சொல்லிருக்கா." ஓரின் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எல்லாம் வெட்டிட்டேன். அந்தப் பள்ளத்தோரத்து மேட்ட மட்டும் விட்டுட்டேன். வண்டிய அங்க ஏத்த மனசு வரல."

"யாருக்கும்தான் வரல."

"உன் மக ரெனே நாளைக்கு வர்றாளாமே? பேசாம அவ கூடக் கெளம்பிப் போயிடு. இங்க ஒத்தையில சுவத்தப் பாத்து உக்காந்திருக்க. சுவரு பதில் சொல்ல ஆரம்பிச்சா அப்புறம் கஷ்டம்."

"ஓரின், உனக்கு ஏதாவது சத்தம் கேக்குதா?"

"எனக்கா? இடி இடிச்சாலே பொண்டாட்டி சொல்லித்தான் தெரியும்." காதில் மாட்டியிருந்த கருவியைத் தட்டிக் காட்டிவிட்டு ஓரின் இறங்கிப் போனார். லாரி சரளைக் கல்லை நொறுக்கிக்கொண்டு சாலைக்கு ஏறியது, அந்த மேட்டைத் தாண்டியது, போய்விட்டது.

சத்தம் போகவில்லை.

ஆயுசில் பாதியை அவர் தானியக் கிடங்கில் கழித்தவர். அங்கே எந்திரம் சீராக ஓடுகிறவரை மனுஷன் சாக்கு மேல் சாய்ந்து கண்ணயரலாம். சத்தம் நின்றால்தான் அலறியடித்து எழுந்து ஓட வேண்டும். எங்கோ பட்டை அறுந்திருக்கும், எவன் கையோ மாட்டியிருக்கும். உடம்பு அப்படியே பழகிவிட்டது. சத்தம் இருந்தால் நிம்மதி, நின்றால் ஆபத்து. அந்தப் பழக்கம்தான் அவரை நாற்காலியை விட்டு எழவிடாமல் வைத்திருந்தது. ஆர்டிஸ் போன அன்றைக்கும் அதுதான் வைத்திருந்தது.

எழுந்து வெளியே போனார். வெட்டின புல்லின் பச்சை வாசனை தொண்டைவரை ஏறியது. பள்ளத்தை நெருங்க நெருங்கச் சத்தம் பெரிதாகி, மேட்டின் விளிம்பில் கால் வைத்ததும் அறுந்துபோனது. காதுக்குள் அது இருந்த இடம் மட்டும் குழியாக மிச்சமிருந்தது.

சுற்றிலும் ஒட்ட வெட்டிய தரையின் நடுவே அந்த ஒரு இடத்தில் புல் முழங்கால் உயரத்துக்குக் கதிர்விட்டு நின்றது. கீழே பள்ளத்தில் கோரையும், கலங்கல் தண்ணீரும், மதகுக் குழாயின் வாயும். அவர் புல்லை விலக்கிப் பார்த்தார்.

உள்ளே, ஒரு ஆள் படுத்தால் கை எட்டுகிற தூரத்துக்கு, அரை வட்டமாகப் புல் பிடுங்கப்பட்டிருந்தது. வெட்டினது இல்லை. வேரோடு, பிடி பிடியாக. வேரில் ஒட்டிய மண் இன்னும் ஈரமாக இருந்தது.

அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது. அதை அவர் மட்டும்தான் பார்த்திருந்தார்.

அவர் திரும்பி வேகமாக நடந்தார். ஓடவில்லை. ஓடினால் பின்னால் ஏதோ இருக்கிறது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும்.

வீட்டுப் புல்வெட்டும் வண்டி கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. அன்றைக்குப் பிறகு அதை யாரும் எடுக்கவில்லை. பாயைத் தூக்கினார். என்ஜின் மூடியில் கை வைத்தார். சில்லென்றிருந்தது. இருக்கைதான் சரியில்லை. கறுப்பு மெத்தை நடுவில் லேசாக அமுங்கியிருந்தது, எடை இல்லாத யாரோ கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக மேலே எழும்பியது.

அந்த இருக்கைக்குக் கீழே ஒரு சுவிட்ச் உண்டு. ஓட்டுகிற ஆளின் பாரம் மேலே இருந்தால்தான் என்ஜின் ஓடும். ஆள் விழுந்தால் அந்த நொடியே நின்றுவிடும். மருத்துவம் பார்த்துக்கொண்டு வந்த பிறகு ஆர்டிஸ் சிட்டுக்குருவி மாதிரி ஆகிவிட்டாள். புல் வெட்டுவது மட்டும்தான் அவள் கேட்ட ஒரே சந்தோஷம். வண்டி ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் குதிக்கும், அவள் பாரம் போதாமல் என்ஜின் நின்றுவிடும். "வெர்லன், மறுபடியும் நின்னுபோச்சு! இதுக்கு ஏதாவது பண்ணேன்," என்று சிரித்துக்கொண்டே கத்துவாள். அவர் ஒரு துண்டுக் கம்பியை எடுத்து சுவிட்சின் இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கிவிட்டார். ஊரில் பாதிப் பேர் செய்கிற வேலைதான். அதற்குப் பிறகு வண்டி நிற்கவே இல்லை.

அன்றைக்கு வண்டி பள்ளத்தில் வழுக்கி மதகுக் குழாயில் முட்டிச் சாய்ந்து நின்றது. அவள் அதற்கடியில். வெட்டும் தகடு அவளைத் தொடவில்லை. வண்டியின் பாரம்தான் அமுக்கியிருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டுக்குள் வெர்லன் பன்றிக்கறி வைத்த ரொட்டியைத் தின்றுவிட்டு, பிளம் மரத்தைச் சுற்றி வெட்டுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சீரான சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டபடி நாற்காலியில் தூங்கிப்போனார். அவள் கூப்பிட்டிருப்பாள். சத்தத்துக்கு மேல் எப்படிக் கேட்கும்? அது நின்றிருந்தால் அவர் எழுந்திருப்பார். அந்த உடம்பு எழுந்தே தீரும்.

போய்ப் பார்த்ததும் முதலில் சாவியைத் திருகினார். பிறகு கம்பியைப் பிடுங்கிக் கால்சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகுதான் போலீசுக்குப் போன் செய்தார். வந்தவர்கள் சுவிட்சைச் சோதித்தார்கள், நன்றாக வேலை செய்தது. "சத்தம் நின்னுது, ஓடினேன், அதுக்குள்ள போயிட்டா," என்று அவர் சொன்னதை எல்லாரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

அந்தக் கம்பி இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது. தூக்கிப் போட முடியவில்லை.

மறுநாள் தேவாலயம் விட்டு, மதியச் சாப்பாடு முடிந்து, சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த ரெனே ஜன்னல் வழியாக மேட்டைப் பார்த்தாள். அம்மாவின் அதே ஒடிசலான உடம்பு அவளுக்கு.

"அந்த மேட்ட நானே வெட்டிடறேன்ப்பா. ரோட்ல போறவங்க எல்லாம் பாக்கறாங்க. அம்மா இருந்தா இப்படி விட்டிருப்பாளா?"

"வேண்டாம்மா. ஓரின் வெட்டுவாரு."

"அவருக்கு மனசு வராது. எனக்கு வரும். அவ கடைசியா இருந்த எடம்ப்பா அது."

"நம்ம வண்டிய எடுக்காத. அது சரியில்ல."

"அதப் போய் சரியில்லங்கிறியே." ரெனே அவர் தோளில் கை வைத்தாள். "அவ விழுந்ததும் அது நின்னுச்சுல்ல? ஒரு நொடிதான், அவளுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. அத நெனச்சுத்தான்ப்பா நான் தெனம் தூங்கறேன். இல்லன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும்."

வெர்லன் வாயைத் திறந்தார். பையில் கம்பி தொடையைக் குத்தியது. மூடிக்கொண்டார்.

"சரி. பக்குவமா ஓட்டு. மேட்டு மேல மட்டும் வெட்டு, பள்ளத்துப் பக்கம் சாய்க்காத."

ஆணியில் தொங்கிய அம்மாவின் வைக்கோல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு அவள் போனாள். வண்டி உறுமியது. கொட்டகை வாசலைத் தாண்டி, முதல் குழியில் குதித்தது, நின்றது.

"அப்பா! நின்னு நின்னு போகுதுப்பா! நான் என்ன அவ்ளோ லேசாவா இருக்கேன்? இதுக்கு ஏதாவது பண்ணேன்!"

அவர் பிடரி மயிர் சிலிர்த்தது. "ஒண்ணும் பண்ண முடியாது! நிக்கட்டும்! நின்னா நல்லது!" என்று கத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

ஓடியது. நின்றது. ஓடியது. நின்றது. ஒவ்வொரு தடவை நின்றபோதும் அவருக்கு உயிர் வந்தது. ஒவ்வொரு தடவை மறுபடி பிடித்தபோதும் கோப்பையை இறுக்கிக்கொண்டார். மேகம் மூடி அறை சாம்பல் நிறமானது. தம்ளர்கள் கிணுகிணுத்தன. பிளம் மரம் தாண்டியது. நின்றது.

பிடித்தது.

பிறகு நிற்கவில்லை.

சீராக இருந்தது. மிகச் சீராக. பள்ளத்துப் பக்கம். ஏறாமல். இறங்காமல்.

கண்ணிமை கனத்தது. அதுதான் அவரை எல்லாவற்றையும்விடப் பயமுறுத்தியது. உடம்பு தூங்கப் பார்த்தது.

நாற்காலி சாய்ந்து விழுந்தது. இந்தத் தடவை ஓடினார். செருப்பில்லாமல், சரளைக் கல்லில், மூச்சு நெஞ்சில் குத்த.

ரெனே பிளம் மரத்தடியில் நின்றிருந்தாள். வண்டி அவளுக்குப் பக்கத்தில் அணைந்து கிடந்தது. சாவி அவள் கையில் இருந்தது.

"செத்துப்போச்சுப்பா. எவ்ளோ திருகியும் பிடிக்கல." அவள் அவரைப் பார்க்கவில்லை. மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது யாருப்பா? அங்க யாரு ஓட்டறா?"

அவளுக்கும் கேட்டது.

"உள்ள போம்மா."

அவள் நடந்தாள். அவரும் நடந்தார். வேறு வழியில்லை. இந்தத் தடவை விளிம்பில் கால் வைத்தும் சத்தம் அறுபடவில்லை. அவர்களுக்கு முன்னால், உயர்ந்த புல்லுக்குள், வெறும் காற்றில் அது ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் வாசனை. சூடான எண்ணெய். தரை அதிர்ந்தது.

புல் அசைந்தது. காற்றில்லை.

ஒரு பிடி ஒன்றாகச் சேர்ந்தது. இறுகியது. வேரோடு வந்தது.

இன்னொரு பிடி.

ரெனே தொப்பியை மெதுவாகக் கழற்றினாள். அவள் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

"எவ்ளோ நேரம்ப்பா ஓடுச்சு?"

அவர் பையிலிருந்து கம்பியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "எனக்குத் தெரியலம்மா. நான் தூங்கிட்டேன்."

அவள் கம்பியைப் பார்த்தாள். புல்லைப் பார்த்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். கத்தினாளா என்று தெரியவில்லை. சத்தத்துக்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

வெர்லன் கையை நீட்டினார். அந்த வண்டியில் சாவி எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். விரலை மடக்கித் திருகினார். காற்று. மறுபடி திருகினார். காற்று.

புல் போய்க்கொண்டிருந்தது. பிடி பிடியாக. முன்னைவிட மெதுவாக. ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே வந்தது. அரை வட்டம் அவர் பாதத்தை நோக்கி வந்தது. ஒரு சாண் தூரத்தில் நின்றது. அந்தக் கடைசிப் புல் வளைந்தது, நடுங்கியது, எட்டவில்லை. மறுபடி வளைந்தது. எட்டவில்லை.

"ஆர்டிஸ்," என்றார்.

வெறும் காலை ஒரு சாண் முன்னால் நகர்த்தி வைத்தார்.

மண்ணும் ஈரமுமாக ஐந்து விரல்கள் அவர் கணுக்காலை மூடின. குருவிக் கால் மாதிரி லேசான பிடி. விடவில்லை.

சத்தம் நிற்கவில்லை.