குளம் அடிக்க வந்தவள்

வண்டி அந்தப் பெரிய வீட்டின் இரும்புக் கதவுக்கு முன்னால் நின்றபோது வெயில் இறங்கியிருந்தது. பிரான்ஸின் பர்கண்டிச் சேறு சக்கரத்தில் பாதி வரைக்கும் அப்பியிருந்தது. ரேன் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி இறங்கினாள். அவள் கணவர் இறங்கவில்லை, எழுந்தருளினார். இடுப்பில் புரட்சி ஆட்சியின் மூவர்ணப் பட்டை, தொப்பியில் மூவர்ணப் பூ. மீசை இருந்திருந்தால் அதற்கும் வர்ணம் அடித்திருப்பார்.

பெற்றவர்கள் வைத்த தியோதுல் என்ற பெயரை அவர் ராஜாவோடு சேர்த்து ஒழித்துவிட்டு, ஸ்கெவோலா என்று ஒரு ரோமாபுரி வீரனின் பெயரைச் சூட்டிக்கொண்டிருந்தார். அந்த வீரன் எதிரியின் கண் முன்னாலேயே தன் கையை நெருப்பில் வைத்துக் காட்டியவனாம். இவர் சூப் கொஞ்சம் சூடாக இருந்தால் கரண்டியைக் கீழே போட்டுவிடுவார்.

ரேன் பாடு இன்னும் சங்கடம். ரேன் என்றால் அரசி. ராஜாவின் தலை கூடையில் விழுந்த நாளிலிருந்து ஸ்கெவோலா தன் மனைவியின் பெயரை வீட்டுக்குள்கூட உச்சரிப்பதில்லை. "குடிமகளே" என்றுதான் அழைப்பார், உப்பு கேட்பதற்கும்.

கதவைத் திறந்தவன் லசார். பழைய பிரபு காலத்திலிருந்து தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவன். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக் குனிந்தான்.

"வாங்க, பிரபு..."

"பிரபுவா? இங்க ஏதுய்யா பிரபு? அவன் தலை டிஜோன் நகரச் சதுக்கத்துல உருண்டதைப் பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேனுங்க."

"இந்த 'ங்க' எல்லாம் வேண்டாம். அது அடிமைப் பேச்சு. இனிமே எல்லாரும் சமம். என்னை 'நீ'ன்னு கூப்பிடு."

"சரிங்க. நீங்க சொன்னா நீன்னே கூப்பிடுறேனுங்க."

ரேன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

அப்போதுதான் வீட்டின் பின்பக்கத்திலிருந்து தவளைகள் ஆரம்பித்தன. ஒன்று, அதற்குப் பதிலாக இன்னொன்று, பிறகு குளம் முழுக்க.

"கேட்டியா குடிமகளே! சுதந்திரத்தோட சத்தம்!" என்றார் ஸ்கெவோலா, கண்கள் பளபளக்க.

பளபளக்காமல் என்ன செய்யும்? அந்தத் தவளைகள்தான் அவருக்குச் சோறு போட்டவை. அந்தக் காலத்துப் பிரபுக்கள் தாங்கள் நிம்மதியாகத் தூங்குவதற்காக, ஊர்க்காரர்களை வீட்டுக்கொருவராக முறைபோட்டு வரவழைத்து, இரவெல்லாம் குளத்துத் தண்ணீரைக் கழியால் அடிக்க வைப்பார்கள். அடி விழுந்தால் தவளை வாயை மூடும். டிஜோன் கூட்டங்களில் வருஷக்கணக்காக ஸ்கெவோலா பேசியது இந்த ஒரு விஷயத்தைத்தான். "தவளையின் வாயை அடைக்க மனிதனின் தூக்கத்தைத் திருடினார்கள்!" என்று அவர் குரல் உடைகிற இடத்தில் பெண்கள் விசும்புவார்கள். அந்தக் கண்ணீரில் மிதந்துதான் அவர் பதவிக்கு வந்தார். ஏலத்தில் இந்த வீடும் வந்தது.

சில ராத்திரிகள் போனதும் சுதந்திரத்தின் சத்தம் அவருக்குச் சலித்துவிட்டது. காதில் பஞ்சு. தலைமேல் தலையணை.

"சனியன் பிடிச்ச ஜந்துங்க! ஒரு வரி எழுத விடுதா?"

"குடிமக்களை அப்படித் திட்டலாமா?" என்றாள் ரேன்.

அடுத்த நாள் மாலை, ரேன் முதல் தடவையாக விளக்கேற்றி ஜன்னலோரம் வைத்துக்கொண்டிருந்தபோது, தவளைகள் நின்றன.

கொஞ்சம் கொஞ்சமாக அடங்கவில்லை. யாரோ கையால் பொத்தியதுபோல, ஒரே சமயத்தில்.

ரேன் காதைத் தீட்டிக்கொண்டாள்.

சளப்.

நீண்ட மௌனம்.

சளப்.

தண்ணீரைத் தட்டையாக அடிக்கிற சத்தம். அவசரமில்லாத, கை சோர்ந்த அடி. ஜன்னல் வழியே பாசியின் வாடை வந்தது. அதற்குள் இன்னொரு வாடை, வினிகர். ஜுரக்காரர் நெற்றியில் போடும் துணியின் வாடை. அந்த வாடை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் மகனை டிஜோனில் அம்மை கொண்டுபோன வாரம் முழுக்க அவள் விரல்களில் இருந்த வாடை அது.

எட்டிப் பார்த்தாள். கரையில் யாரும் இல்லை. குளத்தின் நடுவில் மட்டும் தண்ணீர் உடைந்தது. வளையம் விரிந்து கரையைத் தொட்டது. அது அடங்குவதற்குள் அடுத்தது.

கட்டிலில் ஸ்கெவோலா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் விட்ட முதல் குறட்டை.

காலையில் ரேன் தோட்டத்துக்குப் போனாள். வெங்காயப் பாத்தியில் குனிந்திருந்த லசார் அவள் முகத்தைப் பார்த்ததுமே நிமிர்ந்தான்.

"கேட்டுடுச்சா?" என்றான் மெதுவாக.

"யார் அது?"

"என் பொண்டாட்டி. பெரின்."

மண்வெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, வெங்காயத்தைப் பார்த்துத்தான் சொன்னான். அன்றைக்கு அவர்கள் வீட்டு முறை. அவனை கூலியில்லாமல் ரோடு போடுகிற வெட்டிவேலைக்கு இழுத்துப்போயிருந்தார்கள். மகள் நானெத்துக்கு நல்ல ஜுரம். பெரின் துணியை வினிகரில் நனைத்துக் குழந்தை நெற்றியில் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கழியோடு வந்தாள்.

"எசமான் ஜன்னல்ல நின்னு 'போதும்'னு சொல்லணும். அதுதான் வழக்கம். அந்தச் சொல்லு வர்ற வரைக்கும் நிறுத்தக்கூடாது. நிறுத்தினா சாட்டை. அன்னிக்குப் பிரபு சாப்பிட்ட கையோட பாரிஸுக்கு வண்டி ஏறிட்டாரு. அவளுக்கு யாரும் சொல்லல. ஆளில்லாத வீட்டுக்காக விடியவிடியத் தவளைய அடக்கியிருக்கா."

"குழந்தை?"

"போய்ப் பார்த்தப்ப சில்லுனு இருந்திருக்கு. திரும்பி வந்தா. குளத்துல இறங்கிட்டா." மூக்கைப் புறங்கையால் துடைத்தான். "இத்தனை நாளா வரல. நீங்க ஜன்னல்ல விளக்கு வச்சீங்க பாருங்க, எசமான் வந்துட்டாருன்னு நினைச்சுக்கிட்டா."

"நீ கூப்பிட்டுப் பார்க்கலையா?"

"தொண்டை கிழியக் கூப்பிட்டேன். என் குரல் அந்த ஜன்னல்லேருந்து வர்ற குரல் இல்லையேம்மா."

ரேனின் மகன் அவள் மடியில் போனான். அவன் கடைசி மூச்சு அவள் கழுத்தில் பட்டது. அந்த ஒரு ஆறுதலை வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாள் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள். பெரினுக்கு அதுவும் இல்லை.

அன்று மாலை ரேனே ஜன்னலைத் திறந்தாள்.

"போதும்மா. வீட்டுக்குப் போ."

அடி நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

சளப்.

எசமானியின் சொல் செல்லாது போலிருக்கிறது. அந்த விஷயத்தில் மட்டும் பழைய ஆட்சிக்கும் புதிய ஆட்சிக்கும் வித்தியாசம் இல்லை.

கணவரிடம் போய் லசார் சொன்னதையெல்லாம் சொன்னாள். அவர் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். கன்னத்தில் நல்ல நிறம் ஏறியிருந்தது.

"பேய் பிசாசெல்லாம் பாதிரிங்க கட்டின கதை," என்றார். "பகுத்தறிவு..."

"உன் பகுத்தறிவுக்குக் காது இருக்கா? கேக்குதா இல்லையா அந்தச் சத்தம்?"

அவர் பேனாவைப் பார்த்தார். "கேக்குது."

"எப்போலேருந்து?"

"நேத்து ராத்திரியிலேருந்து."

"அடப்பாவி. தெரிஞ்சேதான் குறட்டை விட்டியா?"

"நான் என்ன அவளை வரச் சொன்னேனா?"

"போகச் சொல்லு. ஒரே ஒரு வார்த்தை."

"புரியாம பேசாதே! அது பிரபு சொல்ற வார்த்தை. என் வாயிலேருந்து அது வந்துச்சுன்னு எவனாவது போட்டுக்குடுத்தா என் கழுத்து என்ன ஆகும்?"

"தியோதுல்," என்றாள் ரேன். அந்தப் பெயரை அவர் பல மாதமாகக் கேட்டதில்லை. "அவளை மாதிரி ஆளுங்க பட்ட பாட்டைக் கூட்டம் கூட்டமாச் சொல்லித்தான் நீ இந்த நாற்காலிக்கு வந்தே. எழுந்திரு."

எழுந்தார். ஆனால் வெறும் ஆளாக எழவில்லை. மூவர்ணப் பட்டையைக் கட்டிக்கொண்டார், தொண்டையைச் செருமினார், ஜன்னலில் நின்று குளத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"குடிமகளே! ஆகஸ்ட் மாதத்து அந்த மகத்தான இரவில், மக்கள் சபை நிலப்பிரபுத்துவத்தை அடியோடு ஒழித்தது! நீ சுதந்திரப் பிறவி! உன் சங்கிலிகள்..."

சளப். சளப். சளப்.

அடி வேகமாகிவிட்டது. மூச்சிரைக்கிற வேகம்.

கீழே, சுவரோரம் நின்றிருந்த லசார் அலறினான். "கத்தாதீங்க! எசமான் திட்டுறாருன்னு பயப்படுறா! சத்தம் பத்தலைன்னு நினைச்சு அடிக்கிறா!"

ஸ்கெவோலாவின் கை அந்தரத்தில் நின்றது. டிஜோனில் இந்த இடத்தில்தான் கைதட்டல் வரும்.

தண்ணீர் வளையங்கள் கரையை நோக்கி நகர ஆரம்பித்தன.

அடிக்கும் இடம் நெருங்கி வந்தது.

கரைக்கல்லில் ஈரம் படிந்தது. ஒரு பாதம். இன்னொரு பாதம். ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நின்றன.

வினிகர் வாடை அறையை நிறைத்தது.

அங்கே யாரும் இல்லை. ஆனாலும் யாரோ கழுத்தை உயர்த்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒரு சொல்லுக்காக, என்பது ரேனுக்கு உடம்பெல்லாம் தெரிந்தது.

"சொல்லு," என்று கிசுகிசுத்தாள்.

ஸ்கெவோலாவின் உதடு பிரிந்தது. சமத்துவம், சகோதரத்துவம் எல்லாம் அந்த உதட்டைவிட்டு ஓடிவிட்டன. கடைசியில் ஒரு குரல் வந்தது. அவள் அதுவரை கேட்டிராத குரல். மூக்கிலிருந்து வருகிற, எரிச்சலான, சோம்பலான, பெரிய வீட்டுக் குரல்.

"போதும்டி. தொலைஞ்சு போ."

எத்தனை சுலபமாக வந்தது.

குளத்தில் கழி ஒன்று நழுவி மிதப்பதுபோல ஒரு சின்னச் சத்தம். ஈரப் பாதங்கள் திரும்பின. தோட்டத்தைத் தாண்டி, ஊர்ப்பக்கம், விரல்கள் மட்டும் அழுந்திய தடங்களாக. ஓடியிருக்கிறாள்.

நெடுநேரம் கழித்து ஒரு தவளை பேசிப் பார்த்தது.

லசார் தொப்பியைக் கழற்றி முகத்தை அதற்குள் புதைத்து அழுதான். பிறகு ஜன்னலை நிமிர்ந்து பார்த்துக் குனிந்தான்.

"உங்க புண்ணியம், பிரபு."

ரேன் கணவரைப் பார்த்தாள்.

அவர் அதைத் திருத்தவில்லை.

மறுநாள் முழுக்க ரேனுக்கு மனசு லேசாக இருந்தது. லசாருக்குப் பாதி ரொட்டியும் ஒரு குடுவை வைனும் எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேரும் குளத்தங்கரைச் சுவரில் உட்கார்ந்து, அவரவர் குழந்தையைப் பற்றிப் பேசினார்கள். நானெத்துக்கு 'ர' வராதாம். அப்பா பேரைக் கேட்டால் லசார் என்பதற்கு லசால் என்பாளாம். பொழுது இறங்கியது. மேலே ஜன்னலில் விளக்கு வந்தது. தவளைகள் தொடங்கின.

நின்றன.

லசாரின் கையிலிருந்த ரொட்டி விழுந்தது.

சளப்.

எதிர்க்கரையில் ஒன்று. சளப். இடப்பக்கம். சளப், சளப். குளத்தைச் சுற்றிலும், ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை பிடித்ததுபோல. ஊர் மொத்தமும், எத்தனை தலைமுறை முறைக்காரர்களோ அத்தனை பேரும்.

"குரல் கேட்டுடுச்சு அவங்களுக்கு," என்றான் லசார், உதடு அசையாமல். "எசமான் வீட்டுக்கு வந்துட்டாருன்னு."

"பெரின்? அவ போயிட்டாதானே?"

லசார் தண்ணீரைக் கையால் காட்டினான். அவர்களுக்கு மிக அருகில், ஆழமில்லாத கரையோரத்தில், சோர்ந்த அடி ஒன்று விழுந்தது. வினிகர் வாடை வந்தது.

அதன் பின்னாலேயே இன்னொரு அடி. சின்னது. கழியைத் தூக்கவே முடியாத கை தூக்கி, தண்ணீரைத் தட்டுகிற அடி.

இந்தத் தடவை அவள் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வரவில்லை.

லசார் பூட்ஸோடு தண்ணீரில் இறங்கினான். கைகளை முன்னால் நீட்டித் துழாவினான். "நானெத்... நான்தாம்மா, அப்பா... இங்க பாரு..." அவன் கைகளுக்கு இடையில் தண்ணீர் மட்டும் தெறித்தது.

ரேன் ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். "தியோதுல்! சொல்லு! சீக்கிரம் சொல்லு!"

அவர் ஜன்னலில்தான் நின்றிருந்தார். கையில் பேனா. அத்தனை கழிகளையும் காதால் எண்ணுவதுபோல் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு சாந்தம்.

"சொல்றேன் சொல்றேன்," என்றார். "பேச்சு இன்னும் ரெண்டு பக்கம் பாக்கியிருக்கு. கொஞ்ச நேரம் அடிக்கட்டும்."

விளக்கு மேசைக்கு நகர்ந்தது.

ரேன் குனிந்து பார்த்தாள். கரைக்கல்லில் பெரிய ஈரப் பாதம் ஒரு ஜோடி, அதை ஒட்டி உள்ளங்கை அளவுக்கு இன்னொரு ஜோடி. நான்கும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. காயவே இல்லை.